களத்தில் சேர்ந்து வேலை செய்ய ஒரு மொபைல் ஆப்: பெங்களூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லிஃப்ட் சர்வீஸ், போர்வெல் மோட்டார், அபார்ட்மென்ட் பராமரிப்பு, தண்ணீர் டேங்கர், ஏரிக் கணக்கெடுப்பு என்று பெங்களூரில் வெளியே அலைந்து வேலை செய்யும் குழுக்களுக்கு மொபைல் ஆப் வடிவமைப்பது என் தொழில். அல்சூர், ஶ்ரீராமபுரம், விவேக்நகர் பக்கத்துத் தமிழ் கான்ட்ராக்டர்களும், அவர்களுக்கு ஆப் எழுதித்தர வரும் இளைஞர்களும், வார இறுதியில் ஏரிக்கரையில் நிற்கும் தன்னார்வலர்களும் கேட்கிற கேள்விகள் இவை. சில பதில்கள் நிரல் எழுதுகிறவர்களுக்கானவை. மற்றவர்கள் அவற்றைத் தாண்டிப் போகலாம்.

வாட்ஸ்அப் குரூப் இருக்கிறதே, தனி ஆப் எதற்கு?

பலருக்குத் தேவையே இல்லை. ஐந்தாறு பேர், ஒரே சைட், எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஒரு சூப்பர்வைசர் என்றால் குரூப்பிலேயே ஓட்டுங்கள். காசு மிச்சம்.

வேலைகள் ஒரே நேரத்தில் பல இடங்களில் நடக்கும்போதுதான் குரூப் தடுமாறும். "நான் பார்க்கிறேன்" என்று ஒருவர் காலையில் போட்ட பதில், மதியத்துக்குள் இருபது போட்டோக்களுக்கும் இரண்டு குட்மார்னிங்குக்கும் கீழே போய்விடும். எச்எஸ்ஆர் லேஅவுட்டுக்கு இரண்டு பேர் போய் நிற்பார்கள், பானஸ்வாடிக்கு ஒருவரும் போயிருக்க மாட்டார். குரூப்பில் இப்போது 1024 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் அத்தனை பேரில் யார் எதை எடுத்தார் என்று அது நினைவில் வைத்துக்கொள்ளாது. இன்னொன்று, வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் போட்டோவில் எடுத்த இடம், நேரம் பற்றிய உள்விவரங்கள் நீக்கப்பட்டுவிடும். ஆறு மாதம் கழித்து "இது எந்த பம்ப் ரூம்?" என்று கேட்டால் பதில் இருக்காது.

உங்கள் சூப்பர்வைசர் சாயங்காலம் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு "அது என்ன ஆச்சு, இது என்ன ஆச்சு" என்று கேட்டுக்கொண்டிருக்கிறாரா? அப்போது ஆப் பற்றி யோசிக்கலாம்.

அந்த ஆப் முக்கியமாக என்ன செய்ய வேண்டும்?

"இந்த வேலை இப்போது யார் கையில் இருக்கிறது?" இதற்கு எந்த நிமிடமும், யார் கேட்டாலும், பதில் சொல்ல வேண்டும். மற்ற எல்லாம் அதற்குப் பிறகு. புதிதாக வருகிறவர்கள் முதலில் வரைபடம், சாட், டாஷ்போர்டு என்று வரைந்துகொண்டு வருவார்கள். நான் முதலில் கேட்பது, ஒரு வேலை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகிற அந்த இடத்தில் திரையில் என்ன தெரியும் என்பதை.

வேலைக்குப் பொதுவாக மூன்று நிலைகள் வைப்பார்கள்: திறந்திருக்கிறது, நடக்கிறது, முடிந்தது. இதில் விட்டுப்போனது ஒன்று உண்டு. எலக்ட்ரீஷியன் தன் பங்கை முடித்து, "இனி பிளம்பர் பார்க்கணும்" என்று அனுப்பிவிட்டார். பிளம்பர் இன்னும் அதைப் பார்க்கவில்லை. எலக்ட்ரீஷியனைப் பொறுத்தவரை வேலை தன் கையைவிட்டுப் போய்விட்டது, பிளம்பரைப் பொறுத்தவரை அது வரவே இல்லை. குடியிருப்பவர் திட்டுகிற புகார்களில் பெரும்பாலானவை இந்த இடைவெளியில் விழுந்தவைதான். ஆகவே "அனுப்பியாச்சு, இன்னும் ஏற்கவில்லை" என்பதைத் தனி நிலையாகவே வையுங்கள். அனுப்பியவரின் பட்டியலில் அது மறையக் கூடாது. அடுத்தவர் "எடுத்துக்கிட்டேன்" என்று அழுத்தும் வரை அது இவர் பெயரிலேயே நிற்கட்டும். இந்த ஒரு மாற்றத்துக்கு ஆட்கள் ஆரம்பத்தில் முணுமுணுப்பார்கள். அனுப்பியவரே அடுத்தவருக்குப் போன் போட்டு நச்சரிக்கத் தொடங்கியதும் சூப்பர்வைசருக்கு வேலை குறைந்துவிடும்.

இது பெங்களூர். இங்கே நெட் இல்லாத இடம் எது?

இரண்டாம் பேஸ்மென்ட், லிஃப்ட் குழி, கான்கிரீட் சுவருக்குள் இருக்கும் பம்ப் ரூம், தண்ணீர்த் தொட்டியின் உள்ளே, புதுக் கட்டடத்தின் நடுத் தளங்கள். ஊர் முழுக்க ஐந்தாம் தலைமுறை சிக்னல் இருந்தாலும், வேலை நடக்கிற இடம் பார்த்து அது போய்விடும்.

அதனால் ஆஃப்லைன் என்பதைப் பின்னால் சேர்க்கும் வசதியாக நினைக்காதீர்கள், அதுதான் இயல்பு நிலை. எந்தப் பதிவும் முதலில் போனிலேயே எழுதப்பட வேண்டும். எஸ்க்யூலைட் போன்ற ஒரு டேட்டாபேஸ் எல்லா ஆண்ட்ராய்டு, ஐபோனிலும் உள்ளேயே இருக்கிறது, அது போதும். சிக்னல் கிடைக்கும்போது பின்னணியில் சர்வருக்குப் போகட்டும். "சேமி" பொத்தான் ஒருநாளும் தோற்கக் கூடாது, சுற்றிக்கொண்டே இருக்கவும் கூடாது. சுற்றினால் ஆள் மாடிப்படி ஏறி மேலே வந்து போனை ஆட்டிப் பார்ப்பார், அப்புறம் ஆப்பையே தொட மாட்டார்.

ஒவ்வொரு பதிவுக்கும் பக்கத்தில் அது எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும்: என் போனில் மட்டும், சர்வருக்குப் போய்விட்டது, அடுத்தவர் பார்த்துவிட்டார். சின்னக் குறி போதும், ஆனால் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், வடிவமும் மாறட்டும்.

மறந்துவிடும் ஒரு விஷயம் லாகின். காலையில் வேலை செய்த ஆப், பேஸ்மென்ட்டுக்குள் போனதும் "மறுபடி உள்நுழையவும், ஓடிபி அனுப்பப்பட்டது" என்றால் அந்த ஓடிபி எங்கிருந்து வரும்? களத்தில் இருக்கும் நேரத்தில் லாகின் காலாவதி ஆகாதபடி நீண்ட காலம் கொடுங்கள்.

இரண்டு பேர் ஒரே வேலையை நெட் இல்லாமல் மாற்றிவிட்டால் யாருடையது நிற்கும்?

இதுதான் கேள்விகளிலேயே கடினமானது.

ஒயிட்ஃபீல்டில் ஒரு அபார்ட்மென்ட் என்று வையுங்கள். மோட்டார் ஓடவில்லை என்று புகார். கீழே பம்ப் ரூமில் ஒருவர் ஃபியூஸை மாற்றி "முடிந்தது" என்று போடுகிறார். அதே நேரம் மொட்டை மாடியில் இன்னொருவர், தொட்டியின் ஃப்ளோட் (மிதவை) உடைந்திருப்பதைப் பார்த்து "பாகம் வேண்டும், நாளை" என்று போடுகிறார். இரண்டு போனும் சர்வரோடு பேசவில்லை. பிறகு இருவரும் கேட்டுக்கு வருகிறார்கள், இரண்டும் சேர்ந்து மேலே போகிறது.

சோம்பேறித்தனமான வழி, கடைசியாக வந்தது ஜெயிக்கும் என்று விடுவது. முழு ஃபார்மையும் அப்படியே மேலெழுதினால், ஃப்ளோட் பற்றிய குறிப்பு சத்தமில்லாமல் போய்விடும். எழுதியவருக்கே தெரியாது. மறுநாள் தொட்டி வழிந்து லிஃப்ட் குழிக்குள் தண்ணீர் இறங்கும்போதுதான் தெரியும்.

நான் செய்யச் சொல்வது இதை. வேலையின் "தற்போதைய நிலை"யை அனுப்பாதீர்கள், நடந்தவற்றை அனுப்புங்கள். இன்னார் ஃபியூஸ் மாற்றினார், இன்னார் ஃப்ளோட் உடைந்ததைப் பார்த்தார், இன்னார் போட்டோ சேர்த்தார். ஒவ்வொன்றும் தனி வரி. வரிகள் சேரும், அழியாது. நிலை என்பது அந்த வரிகளிலிருந்து கணக்கிட்டு வருவது. ஸ்டாக்கும் இப்படித்தான்: "மீதி 8" என்று இரண்டு பேர் எழுதினால் ஒன்று தொலையும், "2 எடுத்தேன்" என்று எழுதினால் இரண்டும் கழியும். வங்கிப் பாஸ்புக்கில் வரவு செலவு வரிசையாக நிற்பதைப் போல.

இதற்குப் பிறகும் சில மோதல்கள் மிஞ்சும். ஒருவர் முடிந்தது என்கிறார், மற்றவர் முடியவில்லை என்கிறார். இதை மென்பொருள் தீர்க்கக் கூடாது என்பது என் கருத்து. இருவர் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டி, வேலையைத் திறந்தே வைத்து, இருவருக்கும் சூப்பர்வைசருக்கும் சொல்லிவிடுங்கள். தவறாக மூடியதைவிடத் தேவையில்லாமல் திறந்திருப்பது மேல். எந்தப் பக்கம் சாய்ந்தால் ஆபத்து குறைவு என்பதை ஃபார்மின் ஒவ்வொரு புலத்துக்கும் முன்கூட்டியே உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவை எடுக்க வேண்டியவர் மேஸ்திரி, நிரல் எழுதும் தம்பி அல்ல.

நேரத்தை வைத்து எது முதலில் என்று தீர்மானிக்கலாமே?

போன் கடிகாரத்தை நம்பியா? யாரோ ஒருவர் விளையாட்டில் கூடுதல் உயிர் கிடைக்கட்டும் என்று தேதியைத் தள்ளி வைத்திருப்பார். லெஸ்லி லாம்போர்ட் என்ற கணினி விஞ்ஞானி 1978லேயே இதைப் பற்றிக் கட்டுரை எழுதிவிட்டார்: தனித்தனி இயந்திரங்களின் கடிகாரங்கள் ஒத்துப்போக வேண்டியதில்லை, எது எதைப் பார்த்த பிறகு நடந்தது என்ற வரிசைதான் வேண்டும். ஒவ்வொரு பதிவோடும் ஓர் எண் போகும். மற்றவருடைய பதிவைப் பெற்றால், உன் எண்ணை அதைவிடப் பெரிதாக்கிக்கொள்கிறாய். எளிமையான யோசனை.

போன் காட்டிய நேரம், சர்வருக்கு வந்த நேரம் இரண்டையும் சேமியுங்கள். திரையில் போன் நேரம், வரிசைக்கு எண்.

சிஆர்டிடி என்கிறார்களே, அது வேண்டுமா?

மோதல் இல்லாமல் தானாக ஒன்றிணையும் டேட்டா வடிவங்களுக்கு அந்தப் பெயர். மார்க் ஷபிரோ என்ற கணினி ஆய்வாளரும் மற்ற மூவரும் 2011இல் அதை ஒழுங்குபடுத்தி எழுதினார்கள். ஒய்ஜேஎஸ், ஆட்டோமெர்ஜ் போன்ற இலவச நிரல் நூலகங்கள் அதைச் செய்து தருகின்றன. இருவர் ஒரே குறிப்பைச் சேர்ந்து திருத்துகிறார்கள், ஒரே வரைபடத்தில் கோடு போடுகிறார்கள் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். சர்வீஸ் புகார்களுக்கு மேலே சொன்ன வரிகளின் பட்டியலே போதும். அதுவும் ஒருவகையில் அதே குடும்பம்தான்.

வேலைக்கு எண் எப்படிக் கொடுப்பது? நெட் இல்லாதபோது சர்வர் எண் தராதே?

இரண்டு எண் கொடுங்கள். இயந்திரத்துக்கு, போனிலேயே உருவாகும் 128 பிட் தற்செயல் எண். இரண்டு போன்களில் ஒரே எண் வர வாய்ப்பு இல்லையென்றே சொல்லலாம். ஆனால் அது எழுதினால் 36 எழுத்து நீளம், அதை எவர் போனில் படித்துச் சொல்வார்? மனிதர்களுக்கு, ஆளின் எழுத்தும் ஓடும் எண்ணும்: கே-17, எம்-4. "அண்ணா, கே பதினேழு பாருங்க" என்று சத்தத்துக்கு நடுவே கத்திச் சொல்ல முடிய வேண்டும். களத்தில் ஆப்பைவிடப் போன் பேச்சே அதிகம். ஆப் அந்தப் பேச்சுக்குத் துணை நிற்க வேண்டும்.

போட்டோ மேலே ஏறவே மாட்டேன் என்கிறது.

சுருக்குங்கள். நீளப் பக்கம் 1600 பிக்சல் இருந்தால் மீட்டர் எண் தெளிவாகவே தெரியும், அளவு சில நூறு கேபிக்கு இறங்கிவிடும். வரிசையும் முக்கியம்: முதலில் எழுத்து, பிறகு சின்ன மாதிரிப் படம், கடைசியில் பெரிய படம். பலரும் ஒரே வரிசையில் போட்டுவிடுவார்கள், மூன்று பெரிய படங்களுக்குப் பின்னால் "கேஸ் வாசனை வருகிறது" என்ற வரி காத்துக்கொண்டிருக்கும்.

ஆட்கள் எங்கே இருக்கிறார்கள் என்று நாள் முழுக்க வரைபடத்தில் பார்க்க வேண்டும். முடியுமா?

முடியும். நான் செய்துதர மாட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் பேட்டரி. காலை எட்டு மணிக்கு நூறு சதவீதத்தோடு கிளம்பிய போன் மாலை மூன்றுக்கு அணைந்துவிட்டால் இருப்பிடமும் இல்லை, புகாரும் இல்லை. இரண்டாவது, ஆண்ட்ராய்டே இதை விரும்புவதில்லை. 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல், ஆப் மூடியிருக்கும்போதும் இருப்பிடம் பார்க்கத் தனியாக அனுமதி கேட்க வேண்டும். ஆண்ட்ராய்டு 12இல் துல்லியமாக வேண்டாம், தோராயமாகப் போதும் என்று உரிமையாளர் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். அது அவர் போன்.

மூன்றாவதுதான் பெரியது. தன்னைக் கண்காணிக்கும் ஆப்பில் மனிதன் உண்மையை எழுத மாட்டான். டீக்கடையில் பத்து நிமிடம் நின்றதற்கு விளக்கம் கேட்டால், அடுத்த வாரம் போன் "வேலை செய்யாமல்" போய்விடும். அப்புறம் உங்களுக்கு இருப்பிடமும் கிடைக்காது, ஃப்ளோட் உடைந்த செய்தியும் கிடைக்காது.

அதற்குப் பதில்: வேலையை எடுக்கும்போது, முடிக்கும்போது, போட்டோ எடுக்கும்போது மட்டும் இடத்தைப் பதியுங்கள், பதிவது திரையில் தெரியட்டும். "பக்கத்தில் யார் இருக்கிறார்கள்" என்பதற்குக் கடைசியாக முடித்த வேலையின் இடமே போதுமான பதில்.

ஜிபிஎஸ் தப்பான தெருவைக் காட்டுகிறது.

காட்டும். திறந்த வானத்தின் கீழ் நல்ல போனே சுமார் 5 மீட்டர் பிசகும், உயரமான கட்டடங்களுக்கு நடுவே சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பி இன்னும் விலகும். ஆண்ட்ராய்டு "துல்லியம் 10 மீட்டர்" என்று சொன்னால், உண்மையான இடம் அந்த வட்டத்துக்குள் இருக்க 68 சதவீத வாய்ப்பு என்றுதான் அர்த்தம். மூன்றில் ஒரு தடவை வெளியே இருக்கலாம். புள்ளியாகக் காட்டாமல் வட்டமாகவே காட்டுங்கள். எந்த மாடி என்பதை அதிலிருந்து நம்பகமாக எடுக்க முடியாது.

நம் ஊர் முகவரி வேறு. ஐந்தாவது மெயின், ஒன்பதாவது கிராஸ் என்பது இந்திராநகரிலும் இருக்கும், ஜெயநகரிலும் இருக்கும். அடையாளம் எழுத ஒரு பெட்டியை முதலிலேயே வையுங்கள்: "கணபதி கோயில் எதிரில், பச்சை கேட், நாய் உண்டு." வரைபடப் புள்ளியைவிட அந்த வரி ஆளைச் சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்கும். பகுதிப் பெயரை மட்டும் தட்டச்சு செய்ய விடாதீர்கள். அல்சூர், உல்சூர், ஹலசூரு என்று ஒரே இடம் மூன்று இடமாகிவிடும். பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கட்டும்.

நோட்டிஃபிகேஷன் சில போன்களில் வரவே இல்லை.

2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், சும்மா கிடக்கும் போன் தூங்கிவிடும், பின்னணி வேலைகள் தள்ளிப்போகும். அதற்கு மேல் சில கம்பெனிகள் பேட்டரியை மிச்சப்படுத்த ஆப்களைத் தாமாகவே கொன்றுவிடுகின்றன. பின்னணியில் அடிக்கடி பார்த்துக்கொள்ளலாம் என்றாலும், ஆண்ட்ராய்டின் வழக்கமான வழியில் திரும்பத் திரும்ப நடக்கும் வேலைக்குக் குறைந்தபட்ச இடைவெளி 15 நிமிடம்.

எனவே நோட்டிஃபிகேஷன் வந்தே தீரும் என்ற நம்பிக்கையில் எதையும் கட்டாதீர்கள். திரையின் மேலே "கடைசியாகச் சேர்ந்தது 10:42" என்று எப்போதும் தெரியட்டும். அவசர வேலையை ஐந்து நிமிடத்தில் ஒருவரும் ஏற்கவில்லை என்றால், சூப்பர்வைசருக்கு "போன் போடுங்கள்" என்று ஒரு பொத்தான் காட்டட்டும். குழு முழுவதற்கும் எல்லாவற்றையும் அனுப்பவும் கூடாது. யார் கைக்கு வேலை வருகிறதோ அவருக்கு மட்டும்.

திரை எப்படி இருக்க வேண்டும்?

வெயிலில், ஒரு கையில், ஈரத்தோடு. இதுதான் விதி. மற்றக் கையில் ஸ்பேனரோ ஏணியோ இருக்கும். வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து வெயிலில் தெரியும். இருண்ட திரை அழகு, மொட்டை மாடியில் அதில் உங்கள் முகம்தான் தெரியும். பொத்தான் குறைந்தது 48 டிபி, அதாவது ஏறக்குறைய 9 மில்லிமீட்டர், என்பது கூகுளின் பரிந்துரை. களத்துக்கு நான் அதைவிடப் பெரிதாக வைப்பேன். ஈரத் திரை தானாகவே தொடப்பட்டதாக நினைத்துக்கொள்ளும், ஆகவே விரலை இழுத்தால் அழியும் என்பது போன்ற சைகைகள் வேண்டாம். "இது நிச்சயமா?" என்று கேட்பதைவிட, செய்துவிட்டுத் "திரும்பப் பெறு" என்று பத்து விநாடி காட்டுவது வேலைக்கு உதவும்.

தமிழில் செய்தால் போதுமா?

பெங்களூரில் போதாது, தமிழர்களுக்கேகூடப் போதாது. இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர்களில் நிறையப் பேர் வீட்டில் தமிழ் பேசுவார்கள், பள்ளியில் படித்தது கன்னடமோ ஆங்கிலமோ. தமிழ் படிக்க வராது. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கமிருந்து வந்தவர் தமிழ் படிப்பார், கன்னடம் பேசுவார், படிக்க மாட்டார். கூடவே வேலை செய்கிறவர் ராய்ச்சூர்க்காரராகவோ ஒடிசாக்காரராகவோ இருப்பார். ஆக, மொழித் தேர்வு ஆளுக்கு ஆள் தனியாக இருக்க வேண்டும், ஒருவர் தமிழில் அழுத்திய நிலை அடுத்தவருக்குக் கன்னடத்தில் தெரிய வேண்டும். நிலைகளையும் பழுது வகைகளையும் தேர்வுகளாக வைத்தால் இது தானாக நடக்கும். சுதந்திரமாக எழுதியதை மாற்றுவதுதான் கடினம். அந்த இடத்துக்கு குரல் பதிவு வையுங்கள். படிக்கத் தெரியாதவரும் கேட்டுப் புரிந்துகொள்வார், பேச்சு எல்லாருக்கும் ஓரளவு புரிகிற ஊர் இது.

பொத்தானில் எழுதுவது வேலையிடத்துப் பேச்சாக இருக்கட்டும். சைட்டில் எல்லாரும் கம்ப்ளைன்ட், ஸ்பேர், வால்வ் என்றுதான் சொல்கிறார்கள். தமிழ், கன்னட வாசகம் ஆங்கிலத்தைவிட நீளும், அதனால் பொத்தானை ஆங்கிலத்தில் அளந்து வரையாதீர்கள்.

நெட் இல்லாவிட்டால் எஸ்எம்எஸ் அனுப்பலாமா?

அவசரத்துக்கு நல்லது. ஆனால் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்: ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து, தமிழிலோ கன்னடத்திலோ 70 குறியீடுகள்தான். அதிலும் "கோ" ஒன்றே இரண்டாகக் கணக்காகும். கே-17, நிலை 3 என்பது போன்ற குறுங்குறியை அனுப்பி, எதிர்ப்பக்க ஆப் அதை விரித்துக் காட்டட்டும். புளூடூத்தில் போனுக்குப் போன் அனுப்புவதும் முடியும். நகரத்தில் அதற்குச் செலவழிப்பதைவிட ஆள் மாடியேறி வருவது சுலபம். காட்டில் புலிக் கணக்கெடுப்பு என்றால் வேறு கதை.

எல்லாம் செய்தோம். ஆட்கள் நிரப்பவே மாட்டேன் என்கிறார்கள்.

நிரப்புவதால் அவர்களுக்கு என்ன கிடைக்கிறது?

இதற்கு நம் ஊரிலேயே நன்றாக ஆராயப்பட்ட உதாரணம் உண்டு. ஹுப்ளி-தார்வாடில் தொடங்கிய நெக்ஸ்ட்டிராப் என்ற முயற்சி பிறகு பெங்களூருக்கு வந்தது. வால்வைத் திறக்கிறவர் தகவல் கொடுத்தால், அந்தப் பகுதி வீடுகளுக்குத் தண்ணீர் வரப்போகிறது என்று செய்தி போகும். கேட்கும்போது குறையே தெரியாது. தண்ணீருக்காக வீட்டில் காத்துக் கிடக்கும் பெண்களுக்குப் பெரிய உதவி. தனு குமார், அலிசன் போஸ்ட், இஷா ரே ஆகியோர் பெங்களூரில் அதைப் பரிசோதித்து 2018இல் வெளியிட்ட ஆய்வு, எதிர்பார்த்த பலன் பெரிதாக இல்லை என்றது. தகவல் வழியில் பல இடங்களில் கசிந்தது. முதல் கசிவு ஆரம்பத்திலேயே: வால்வ்மேன்கள் எப்போதும் தகவல் தரவில்லை. அவர்களுக்கு ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை, இது கூடுதல் சுமை. சங்கிலியின் முதல் கண்ணியில் இருப்பவரிடம்தான் எல்லாரும் கேட்கிறார்கள், அவருக்கு ஒருவரும் எதையும் திருப்பித் தருவதில்லை.

திருப்பிக் கொடுங்கள். லிஃப்ட் டெக்னீஷியனுக்கு, இதே கட்டடத்தில் போனமுறை என்ன பழுது, யார் பார்த்தார், எந்தப் பாகம் போட்டார் என்று கேட்டில் நிற்கும்போதே தெரிந்தால் அவர் அடுத்தவருக்காக எழுதுவார். நாள் முடிவில் அவர் செய்த வேலைகளின் பட்டியல் அவர் போனிலேயே இருக்கட்டும், ஓவர்டைம் கேட்கும்போது காட்ட. இந்த இரண்டும் இல்லாத ஆப்பில் பதினைந்து கேள்வி ஃபார்ம் வைத்தால், பதினைந்துக்கும் ஒரே பதிலை அழுத்திவிட்டுப் போவார்கள். நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்வேன்.

கேள்விகளையும் வெட்டுங்கள். ஒவ்வொன்றுக்கும் "இந்தப் பதிலைப் பார்த்து யார் எதை மாற்றுவார்?" என்று கேளுங்கள். பதில் "ஹெட் ஆபீஸ் கேட்டது" என்றால், ஹெட் ஆபீஸே நிரப்பிக்கொள்ளட்டும்.

ஏற்கெனவே உள்ள இலவச ஆப்களைப் பயன்படுத்தலாமா?

கணக்கெடுப்பு வேலை என்றால் அதிலிருந்தே தொடங்குங்கள். 2008இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஓடிகே, அதன் வழியில் வந்த கோபோ டூல்பாக்ஸ் இரண்டும் நெட் இல்லாமல் ஃபார்ம் நிரப்பி அனுப்ப நன்றாகவே உதவும். எக்செல் தாளில் கேள்விகளை எழுதினால் ஃபார்ம் தயார், தமிழ், கன்னடம் இரண்டும் ஒரே தாளில் வைக்கலாம். வரைபடத்தில் எல்லை வரைய கியூஃபீல்டு. ஆனால் இவற்றின் பிறப்பே களத்திலிருந்து அலுவலகத்துக்கு ஒருவழிப் பயணம். ஒருவர் பாதியில் விட்டதை இன்னொருவர் தொடர்வது இவற்றில் பின்னால் சேர்ந்தது. கைமாற்றம் அதிகம் என்றால் இழுத்துப்பிடித்துத்தான் ஓட்ட வேண்டும்.

ஏரிக்கரைக் குழு நாங்கள். சம்பள ஆட்கள் இல்லை, வாரம் ஒருவர் வருவார், அடுத்த வாரம் வேறொருவர். எங்களுக்கு?

லாகின் கேட்காதீர்கள், இணைப்பைத் தட்டினால் திறக்க வேண்டும். ஜக்கூர் ஏரியில் பறவை எண்ணுகிறவரும், ராஜகாலுவே என்னும் பெரிய மழைநீர்க் கால்வாயில் கழிவுநீர் எங்கே கலக்கிறது என்று குறிக்கிறவரும் வேறு வேறு ஆட்கள், அவர்களுக்கு ஒரே நீளப் படிவம் கொடுத்தால் ஒருவரும் முடிக்க மாட்டார்கள். முந்தைய வாரம் நின்ற இடத்திலேயே நின்று எடுக்கும்படி பழைய போட்டோவைக் கேமராவில் மங்கலாகக் காட்டுங்கள். வந்தவர் மாறினாலும் படம் ஒப்பிடக் கிடைக்கும்.

நிரலுக்குள் வார்டு எல்லையை எழுதி வைக்காதீர்கள். நீண்ட காலம் 198 வார்டு என்று இருந்த மாநகராட்சி, 2025இல் பெருநகர பெங்களூரு ஆணையத்தின் கீழ் ஐந்து மாநகராட்சிகளாகிவிட்டது. இடத்தை மட்டும் பதியுங்கள், அது எந்த வார்டு என்பதை அன்றைய எல்லையை வைத்து சர்வர் கணக்கிடட்டும்.

ஃப்ளட்டரா, நேட்டிவா?

ஃப்ளட்டர் என்றால் ஒரே நிரல் ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுக்கும், நேட்டிவ் என்றால் ஒவ்வொன்றுக்கும் தனி நிரல். ஆப் எழுதும் உங்கள் பையனுக்கு எது வருமோ அது. பத்தாயிரம் ரூபாய்க்குக் குறைவான போனில் ஓடுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

எப்படிச் சோதிப்பது?

ஆபீஸில் இருந்து முடியாது. இரண்டு போன் எடுங்கள், இரண்டிலும் ஏரோபிளேன் மோடு போட்டு ஒரே வேலையை இருவர் வெவ்வேறு விதமாக மாற்றுங்கள், ஒன்றின் கடிகாரத்தை ஒருநாள் தள்ளி வையுங்கள், பிறகு இரண்டையும் இணைத்து எது தொலைந்தது என்று தேடுங்கள். ஒரு போனில் இடமே இல்லாதபடி வீடியோவால் நிரப்பிவிட்டுப் போட்டோ எடுத்துப் பாருங்கள். பதிவு பாதி போகும்போது பேட்டரி அணையட்டும்: மறுபடி இணைந்தால் ஒன்று இரண்டாகிறதா? அப்புறம் டெக்னீஷியனோடு ஒருநாள் முழுக்கப் போங்கள், வாயைத் திறக்காமல். அவர் ஆப்பை விட்டுவிட்டுப் போன் செய்யும் ஒவ்வொரு இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதத்துக்கான வேலை அந்தக் குறிப்பில் இருக்கும்.

குடியிருப்பவர்களின் நம்பர், வீட்டுப் படம் எல்லாம் எங்களிடம் சேர்கிறது. சட்டச் சிக்கல் வருமா?

2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் எதற்காக வாங்குகிறீர்கள் என்று சொல்லி வாங்கு, வேலை முடிந்தால் அழி என்கிறது. ஒப்புதல் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்க வசதி தர வேண்டும், தமிழும் கன்னடமும் அதில் உண்டு. பாதுகாப்பில் கோட்டை விட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். நடைமுறையில்: வேலை திறந்திருக்கும்வரை, அதைக் கையில் வைத்திருப்பவருக்கு மட்டும் நம்பர் தெரியட்டும். மூடியதும் மறையட்டும். போட்டோவைப் போனின் பொது கேலரியில் சேமிக்காதீர்கள், அது குழந்தைகளின் படங்களோடு கலந்து எங்கெங்கோ போகும். சட்ட நுணுக்கத்துக்கு வக்கீலைக் கேளுங்கள்.

ஆப் எழுதித் தந்தவர் போய்விட்டால் எங்கள் டேட்டா?

ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்: எல்லாப் பதிவுகளும், நடந்த வரிகளோடும் போட்டோக்களோடும், எக்செல்லில் திறக்கக்கூடிய கோப்பாக, நீங்களே ஒரு பொத்தானை அழுத்தி எடுக்க முடிய வேண்டும். ப்ளே ஸ்டோர் கணக்கும், சர்வர் கணக்கும், டொமைன் பெயரும் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில். முதல் தவணை கொடுக்கும் முன்பே அந்தப் பொத்தானை ஒருமுறை அழுத்தி, வந்த கோப்பைத் திறந்து பாருங்கள். தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாக வந்தால், யூடிஎஃப்-8 வடிவில் கேட்டு வாங்குங்கள்.